தண்ணீர் நிற்கும் நேரம்

மூன்றாவது முறை சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் இருந்த சேறு போகவில்லை. கிஹ்வான் ஒரு பல்குச்சியை முறித்து, வலது ஆள்காட்டி விரலின் நகத்தடியில் விட்டுக் கிளறினான். சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வந்தது. உள்ளே இன்னும் இருந்தது. மேற்குக் கடலின் அடிச்சேறு அப்படித்தான். மாவுபோல நைசாக இருக்கும், புகுந்தால் ஒரு வாரத்துக்கு விடாது.

சித்தப்பா கழிப்பறைக் கதவைத் தட்டினார்.

"டேய், உள்ள என்ன பண்ற? பஸ் டிப்போ ஆளுங்க வந்து நிக்கிறாங்க. படத்துக்குப் பக்கத்துல மகன் இல்லன்னா யாருக்கு அவங்க துக்கம் சொல்றது?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். சித்தப்பா அவன் கறுப்புக் கோட்டின் இடது கையில் நழுவியிருந்த துணிப்பட்டையை மேலே இழுத்துவிட்டார். அதில் இரண்டு கறுப்புக் கோடுகள். தலைமகனுக்கு இரண்டு கோடு. வசந்த காலத்திலிருந்து அப்பாவின் மலஜலம் எடுத்த அக்கா யோன்சுக்குக்குப் பட்டை கிடையாது. ஹன்போக் என்கிற பழைய வழக்கத்துக் கறுப்பு உடையை உடுத்து, தலைமுடியில் ஒரு சின்ன வெள்ளைத் துணி முடிச்சைக் குத்தியிருந்தாள்.

சோசான் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் துக்க அறைகள் வரிசையாக இருந்தன. அப்பாவுக்கு மூன்றாம் அறை. வெள்ளைச் செவ்வந்திகளுக்கு நடுவில் கறுப்பு நாடா கட்டிய படம். பஸ் ஓட்டும்போது போடும் டிப்போ உடுப்பில் எடுத்தது. தொப்பி மட்டும் இல்லை.

டிப்போவிலிருந்து வந்த நான்கு பேரும் ஊதுவத்தி ஏற்றி, படத்துக்கு முன்னால் இரண்டு முறை நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டார்கள். பிறகு கிஹ்வான் பக்கம் திரும்பி ஒரு முறை. அவனும் பதிலுக்கு விழுந்து எழுந்தான். மூத்தவர் அவன் கையைப் பற்றிக்கொண்டு, எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"கடைசி மூச்சுல கூட இருந்தீங்களா, தம்பி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பதிலை முந்தின நாளிலிருந்தே சித்தப்பாதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க கூட இருக்கிறது? இவன் கடலுக்கடியில இருந்தான். கடலுக்குள்ள ஃபோன் அடிக்குமா? பாவம், மேல வந்த பிறகுதான் சேதி தெரிஞ்சிருக்கு."

மூத்தவர் உச்சுக்கொட்டி, கிஹ்வானின் கையை இன்னும் இறுக்கமாகப் பிடித்தார். அந்தக் கையில் சேறு இருப்பதை அவர் பார்க்கவில்லை.

பெற்றவர் செத்தால் மகன் பாவி. அதுதான் இங்கே வழக்கம். பாவிக்கு வாயில்லை. வந்தவர்கள் ஆறுதல் சொன்னால் பதில் பேசாமல் தலை குனிந்து நிற்க வேண்டும். அதிகம் போனால், என் பாவம் என்று முணுமுணுக்கலாம். சொல்கிறவனும் கேட்கிறவனும் அதை மரியாதைச் சொல்லாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கிஹ்வான் அதைச் சொல்லும்போதெல்லாம் டிப்போக்காரர்களைப் போலவே எல்லோரும் அவன் தோளைத் தட்டினார்கள். அவனுக்கு அந்த வழக்கம் ஒளிந்துகொள்ள நல்ல இடமாக இருந்தது. அது தெரிந்தே அவன் அங்கே நின்றான்.

முந்தின நாள் காலை ஃபோன் வந்தபோது அவன் கடலுக்கடியில் இல்லை. படகின் மேல்தட்டில், இடுப்புவரை முக்குளிப்பு உடையை ஏற்றிக்கொண்டு, மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான்.

வூசோம் தீவுக்கு அப்பால் கொர்யோ அரசர்கள் காலத்துக் கப்பல் ஒன்று சேற்றில் கிடந்தது. அரசனுக்கு அனுப்பிய பச்சை மெருகுக் கிண்ணங்களோடு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் மூழ்கியது. கிஹ்வானின் தொல்லியல் குழு அதை மூன்று கோடைகாலமாகத் தோண்டிக்கொண்டிருந்தது. அங்கே நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவில் தண்ணீர் அசையாமல் நிற்கிற கொஞ்ச நேரத்தில்தான் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு இறங்க முடியும். இறங்கினாலும் ஒன்றும் தெரியாது. விளக்கு வெறும் பழுப்பைத்தான் காட்டும். அதனால் எல்லோரும் கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டுத்தான் போவார்கள். மெருகா, மரமா, கல்லா என்று விரல்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தின முறை இறங்கியபோது, வைக்கோல் வைத்து அடுக்கியிருந்த கிண்ணக் கட்டுகளுக்கு அடியில் அவன் விரலில் வேறொன்று தட்டுப்பட்டது. மனிதனின் முன்கை எலும்பு. சரக்கு சரிந்து அடியில் அகப்பட்டுக்கொண்ட மாலுமியாக இருக்க வேண்டும். மேலே வந்து சொன்னான். குழுத் தலைவர் பியோ ஒரு கிண்ணம் சோஜு சாராயத்தைக் கடலில் ஊற்றினார். நாளைக் காலை எடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு நீரோட்டம் வேகம் பிடித்துவிடும், இந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி என்றார்.

அந்தக் கடைசிக் காலையில் தண்ணீர் நிற்கக் காத்திருந்தபோது, மடியில் இருந்த ஃபோன் அதிர்ந்தது. அக்காவின் பெயர். அந்த நேரத்தில் அக்கா கூப்பிட்டால் அது ஒன்றுக்காகத்தான்.

எடுத்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் தலைவரிடம் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் சாகக் கிடக்கும் ஆளைப் பியோ தண்ணீரில் இறங்க விடமாட்டார். மனசு ஓரிடத்தில் இருந்தால் காற்று வேறிடத்தில் தீர்ந்துபோகும் என்பார். அந்த எலும்பு இருக்கும் இடம் என் விரலுக்குத்தான் தெரியும் என்று கிஹ்வான் தனக்குள் சொல்லிக்கொண்டான். அது உண்மையில்லை. கூட இறங்குகிற முன்சிக்கும் அதைத் தொட்டுப் பார்த்திருந்தான்.

ஃபோன் அடித்து ஓய்ந்தது. அவன் அதை அணைத்துப் பைக்குள் போட்டான். அந்த ஃபோனை அணைக்கப் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடித்திருந்த நேரத்தில் விரலை எடுத்திருக்கலாம். நிமிர்ந்தபோது எதிரே முன்சிக் முகக்கண்ணாடியில் எச்சில் தடவித் துடைத்துக்கொண்டிருந்தான். பார்த்தானா இல்லையா என்று தெரியவில்லை.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் குழுவினர் வந்தார்கள். கடன் வாங்கிய கறுப்புக் கோட்டுகள், வெயிலில் உரிந்த மூக்குகள். கும்பிட்டு முடித்துச் சாப்பாட்டு மேசைக்குப் போனார்கள். அக்கா காரமான மாட்டிறைச்சிச் சூப்பும் சோறும் கிம்ச்சியும் கொண்டுவந்து வைத்தாள். சித்தப்பா அவர்கள் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பையாக நிரப்பினார்.

"எங்கண்ணன் பஸ்ஸுல ஏறுற ஆளுங்ககிட்டல்லாம் என்ன சொல்வார் தெரியுமா?" என்றார். "மகன் என்ன வேலைன்னு கேட்டா, கடல்ல பாத்திரம் கழுவுறான்னு சொல்வார். எவனோ சாப்பிட்டுப் போட்ட கிண்ணத்தை இவன் எண்ணூறு வருஷம் கழிச்சுக் கழுவுறான், வீட்டுல ஒரு டம்ளர் கழுவினதில்லன்னு."

மேசை சிரித்தது. பக்கத்து மேசையிலும் சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரிப்பது தப்பில்லை. செத்தவருக்கு ஆள் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

தலைவர் பியோ கோப்பையைக் கீழே வைத்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். கிஹ்வான் நேற்றுச் செய்ததை அவன் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தார். கண் தெரியாத சேற்றில், ஒரு சின்ன எலும்பு கூட உடையாமல், மணிக்கட்டிலிருந்து விரல் எலும்புகள் வரை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கினான் என்றார். காற்று தீரப்போகும் வரை அந்த ஆளை விட்டு நகரவில்லை.

"பெத்த அப்பனைப் பிடிச்ச மாதிரி பிடிச்சுக்கிட்டு வந்தான், ஐயா."

சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டியா, யோன்சுக்?" என்றார். "யாரோ ஒரு அநாதைக்கு இவன் அங்க கொள்ளி வெச்சிருக்கான். அண்ணன் கோவிச்சுக்க மாட்டார்." பிறகு எதையோ யோசித்தவர்போலத் தலைவர் பக்கம் திரும்பினார். "ஏன் ஐயா, இனிமேலாவது படகுல இருக்கிறவங்க யாராவது ஃபோனை எடுத்துப் பேசற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணக் கூடாதா?"

பியோவின் முகம் சிவந்தது. அது தன் தவறுதான் என்று சொல்லி, உட்கார்ந்தபடியே குனிந்து வணங்கினார். அவரைவிட இருபது வயது சின்னவனான கிஹ்வான், படத்துக்குப் பக்கத்தில் நின்று, தன் தலைவர் தனக்காகத் தலை குனிவதைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"ஃபோனெல்லாம் கீழ் அறைல பூட்டித்தான் வெச்சிருப்போம்," என்று அதற்குள் முன்சிக் சொன்னான். "ஈரம் படக் கூடாதுன்னு." சொல்லிவிட்டுச் சூப்பைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

அப்படியானால் அவன் பார்த்திருக்கிறான். கிஹ்வான் வாயை மூடிக்கொண்டான். அக்கா காலி கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

குழுவை வழியனுப்பிவிட்டுத் திரும்பியபோது அக்கா நடைபாதையில், பூ வளையங்களுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். எதிரே யாரோ அனுப்பிய வளையத்தின் ரிப்பனில் அவர்கள் அப்பாவின் பெயர் நெளிந்திருந்தது. 

"அக்கா," என்றான். "நேத்து நான் –"

"முதல் தடவை மணி அடிச்சுது," என்றாள் அவள். "ரெண்டாவது தடவை அணைச்சு வெச்சிருக்குன்னு பொம்பளைக் குரல் ஒண்ணு சொல்லுச்சு. கடலுக்குள்ள இருந்தா எவன்டா ஃபோனை அணைப்பான்?"

அவன் கைப்பட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எனக்குக் கோவம் அதுல இல்ல. அப்பாவால பேச முடியல, குரலாவது கேக்கட்டும்னு ஃபோனை அவர் காதுல வெச்சிருந்தேன். ரெண்டு தடவையும்." பாதத்தைப் பிடித்திருந்த கை நின்றது. "அந்தப் பொம்பளை சொன்னது அவருக்கும் கேட்டுது."

தூரத்து அறையில் யாரோ பெண்கள் ஓலமிட்டு ஓய்ந்தார்கள்.

"கண்ணைக் கதவுமேலயே வெச்சிருந்தார். மத்தியானம் வரைக்கும். நீ அப்பவே கிளம்பியிருந்தா வந்து சேர்ந்திருப்ப."

"சித்தப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"கடல்ல இருக்கான், ஃபோன் போகலன்னு அவர்கிட்ட சொன்னதே நான்தானே." அவள் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தாள். "உனக்காகச் சொன்னேன்னு நினைச்சுக்காத. மகன் ஃபோனை அணைச்சிட்டான்னு அப்பாவைப் பத்தி ஊர்ல பேசுவாங்க. அவருக்கு அது வேண்டாம்."

போய் எல்லோரிடமும் சொல்லிவிடட்டுமா என்று அவன் கேட்டான். தலைவரிடமாவது.

"சொன்னா உனக்கு பாரம் இறங்கும்," என்றாள். "அப்புறம் அதை யார் தூக்குறது? நானா?"

கறுப்பு உடுப்பு அணிந்த ஆள் ஒருவர் நடைபாதை முனையில் வந்து நின்று, இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் கட்டிக்கொண்டு, பெட்டியில் வைக்கிற நேரம், குடும்பத்தார் வரலாம் என்றார்.

அந்த அறை குளிர்ந்திருந்தது. அப்பா எஃகு மேசையில் கிடந்தார். சடங்குக்காரர் அவசரப்படாத மனிதர். வெதுவெதுப்பான வாசனை நீரில் நனைத்த பஞ்சால் முகத்தையும் கழுத்தையும் துடைத்தார். தலை சீவினார். கை நகங்களையும் கால் நகங்களையும் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் உரிய சின்னத் துணிப் பைகளில் போட்டார். அப்பாவின் நகங்கள் சுத்தமாக இருந்தன. அக்கா போன வாரம் வெட்டிவிட்டது தெரிந்தது. வெட்ட அதிகம் இருக்கவில்லை. சணல் துணி உடுத்தியதும் போகிற வழிக்கென்று ஊறவைத்த அரிசியை வில்லோ மரக் கரண்டியில் எடுத்து அப்பாவின் வாயில் மூன்று முறை வைத்து, "நூறு மூட்டை, ஆயிரம் மூட்டை, பத்தாயிரம் மூட்டை," என்று சன்னமாகச் சொன்னார்.

பிறகு ஒதுங்கி நின்றார். கடைசியாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்றார்.

சித்தப்பா முதலில் போனார். "அண்ணா, பையன் கடல்ல இருந்தான். மனசுல வெச்சுக்காத," என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அக்கா போய், அப்பாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் விலகி இடம் விட்டாள்.

கிஹ்வான் அப்பாவின் வலது கையை எடுத்தான். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த அந்த மேடு, பெருவிரலுக்குக் கீழே, இன்னும் இருந்தது. ஆனால் கை லேசாகிவிட்டிருந்தது. தோலுக்கடியில் முன்கை எலும்புகள் இரண்டும் தனித்தனியாக விரலுக்குத் தட்டுப்பட்டன. கண்ணை மூடிக்கொண்டால் இது எந்த எலும்பு, எந்தப் பக்கம் என்று அவனால் சொல்ல முடியும். அவன் கண்ணை மூடவில்லை.  கையை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சடங்குக்காரர் கையுறைத் துணியை விரித்துக்கொண்டு அருகே வந்தார். சணல் துணியில் தைத்த சின்ன உறை. கையை அதற்குள் வைத்து நாடா கட்டிவிட்டால் பிறகு யாரும் பார்க்க முடியாது. கிஹ்வான் பிடியை விட்டான்.

துடைத்து வெளுத்திருந்த உள்ளங்கையில், அவன் நகம் பதிந்த இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இருந்தது. பிறை வடிவில்.

அக்காவும் அதைப் பார்த்தாள். கிண்ணத்திலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, வாசனை நீரில் தோய்த்துப் பிழிந்தாள். சடங்குக்காரர் உறையைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"துடைக்கணுமா, அம்மா?"

அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றாள். "கட்டுங்க."

அவர் உறையை மாட்டி, நாடாவை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். அக்கா கையில் இருந்த பஞ்சைக் கிஹ்வானின் கையில் வைத்துவிட்டுச் சித்தப்பா பக்கம் போய் நின்றாள். பஞ்சு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.