நிலவுக்குப் பதிலாக மீன்

கடலோர நகரமான பர்காஸின் கிளை மேலாளர் போஷ்கோவின் பிரிண்டர் அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக மக்கர் செய்தது. ப்ளோவ்திவ் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே, கணினிக் கோளாறுகளைச் சரிசெய்யும் ரூமியானா இணையம் வழியாக அவருடைய கணினிக்குள் நுழைந்தாள்.

"பத்து நிமிஷம் ஆகும் சார். உங்க திரை எனக்குத் தெரியும், ஞாபகம் வச்சுக்குங்க."

"தெரியட்டுமே. எனக்கென்ன ரகசியம்?"

ஐந்தாவது நிமிடத்தில் மனிதர் அதைச் சுத்தமாக மறந்துவிட்டார். இணையத்தில் காதல் கவிதைகளைத் துழாவி, 'உன் விழிகள் நிலவு குளிக்கும் ஏரிகள்' என்ற வரியைக் காப்பி செய்தார். தங்கள் நிறுவனத்தின் மிளகாய் விழுது தொழிற்சாலைச் சோதனைக்கூடத் தலைவி நெவேனாவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதத் திறந்தார்.

ரூமியானாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்படி இணைந்திருக்கும்போது அங்கே காப்பி செய்தது இங்கே வரும். இங்கே காப்பி செய்தது அங்கே போகும். கை சும்மா இருக்குமா? அவர் நெவேனாவின் முகவரியைத் தட்டுத் தடுமாறி அடிப்பதற்குள், தன் கணினியில் ஒரு வரி எழுதிக் காப்பி செய்தாள்; நிலவு வரி அழிந்து, அந்த இடத்தில் இது போய் உட்கார்ந்தது. போஷ்கோவ் பேஸ்ட் செய்தார். கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, படிக்காமலே அனுப்பினார்.

'எனக்குக் கவிதை வராது. கடற்கரையில் பொரித்த மீன் சாப்பிடலாம், வருகிறீர்களா?'

பதில் உடனே வந்தது: 'மூன்று வருடமாக யார் யாரோ எழுதியதை அனுப்பினீர்கள். இன்றுதான் உங்கள் சொந்த வார்த்தை. வெள்ளி, ஆறு மணி.'

தொலைபேசி அலறியது.

"ஏம்மா, நான் நிலவைத்தானே அனுப்பினேன்? மீன் எங்கேருந்து வந்துச்சு?"

ரூமியானா ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டாள். வேலை போயிற்று என்று முடிவே கட்டிவிட்டாள்.

"அவளுக்கு மீன் பிடிக்கும்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். எனக்குப் பசிச்சுது."

போஷ்கோவ் கனைத்தார். "சரி, வியாழக்கிழமை பிரிண்டர் மறுபடி கெட்டுப்போகும். நீ உள்ளே வந்து அடுத்த லெட்டரையும்..."

"மாட்டேன் சார். இனிமே நீங்களே எழுதுங்க."

"எழுதறேன், எழுதறேன். நீலச் சட்டை போடவா, வெள்ளையா? அதையாவது சொல்லிட்டுப் போ!"