கீர்த்திகா வருவாளா என்று கேட்காதீர்கள்

1

இந்தக் கதை எனக்குக் கத்தரிக்காயோடு கிடைத்தது. மருதனார்மடம் சந்தையில் சொத்தை இல்லாததாகப் பொறுக்கிக்கொண்டு நின்றேன். வியாபாரி சோமசேகரம் தராசைத் தூக்கியபடி பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னார்:

"உதயகலாவின்ரை பெட்டை வெளிநாட்டுக்கு விளையாடப் போறாளாம். ஜிம்னாஸ்டிக்ஸாம்."

"எந்த உதயகலா?"

"பண்டத்தரிப்பு உதயகலா. பெட்டை கீர்த்திகா."

"ஓ... திரும்பி வருவாளோ?"

"உவள் ஏன் வாறாள்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கத்தரிக்காய் வெட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் அங்கே போய் என்ன செய்யப்போகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கீர்த்திகாவை நான் கண்டதில்லை. ஆகவே மிச்சம் முழுவதும் என் இட்டுக்கட்டல். இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு சண்டைக்கு வராதீர்கள்.

2

முதல் தொடக்கம்: விமானம் மேலே எழும்பியபோது கீர்த்திகா யன்னலுக்கு வெளியே—

வேண்டாம். எங்கள் குடாநாட்டுக் கதைகளில் பாதி விமானத்தில்தான் தொடங்குகின்றன. எனக்கே அலுத்துவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: பல நாட்டுக் கொடிகள் காற்றில் படபடக்க, அரங்கம் நிறைந்த—

வானொலிச் செய்தி மாதிரி இருக்கிறது. போகட்டும்.

மூன்றாவது, பை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

உதயகலா மகளின் பையை அடுக்கினாள்.

"என்னத்துக்கம்மா இத்தினை சுவெட்டர்? போட்டி முடிஞ்ச கையோடை வந்திடுவன்."

"குளிருமெல்லே பிள்ளை."

"தோடும் வைக்கிறியள். போட்டியிலை தோடு போடேலாது."

"கிடக்கட்டும். பிறகு உதவும்."

பிறகு என்றால் எப்போது என்று தாய் சொல்லவில்லை. சுவெட்டர்களுக்கு நடுவே பொலித்தீன் பையில் கட்டிய மிளகாய்த்தூள் போனது. வறுத்து இடித்த புதுத் தூள். அங்கே குளிர் நாட்டில் இருக்கும் தன் தங்கச்சி, கீர்த்திகாவின் சின்னம்மா குணலட்சுமிக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து யார் வெளிநாடு போனாலும் தூள் போகும். விளையாட்டு வீராங்கனை என்றால் விலக்கா என்ன?

"அம்மா, கட்டையிலை நிண்டு பின்பக்கமா அடிக்கிற குத்துக்கரணம் எனக்கு இன்னும் பிடிபடேல்லை. பயமாக் கிடக்கு."

"அதெல்லாம் சரிவரும். நீ சின்னம்மா சொல்லுற மாதிரிக் கேட்டு நட. போட்டி முடிய அவ காரோடை நிப்பா."

"நான் திரும்பி வரவெல்லோ போறன்."

"இஞ்சை என்ன கிடக்குப் பிள்ளை?"

[உதயகலாவைப் பொல்லாதவளாக எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. புருஷன் இல்லாமல், வெங்காயம் நட்டு, ஒற்றைப் பிள்ளையை ஆளாக்கியவள். அந்தப் பிள்ளை தன்னை விட்டுப் போய்விடவேண்டும் என்று ஆஞ்சநேயருக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள். அவளுக்கு வேறொரு கதை எழுதவேண்டும். இதில் இடம் போதாது.]

[கட்டை என்றது சமநிலைக் கட்டையை. நெஞ்சளவு உயரம், ஓர் உள்ளங்கை அகலம். அதன் மேல் துள்ளி, தலைகீழாகச் சுழன்று, திரும்ப அதிலேயே கால் வைக்கவேண்டும். கீர்த்திகா முதலில் பழகியது பனைமரத் துண்டொன்றில் சாக்குச் சுற்றி.]

3

நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். குளிர் நாடு, போதும்.

இலங்கையிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸுக்கு வந்தவள் கீர்த்திகா ஒருத்திதான். இப்படி அணி இல்லாமல் வந்தவர்களையெல்லாம் சேர்த்து ஒரு குழுவாக்கியிருந்தார்கள். மற்றப் பெண்கள் எப்படியோ ஒருவருக்கொருவர் சிநேகமாகிவிட்டார்கள். காலையில் ஒருத்தி தலையை மற்றவள் பின்னிவிட்டாள். கீர்த்திகா கண்ணாடி முன் நின்று, கையைப் பின்னால் வளைத்து, தன் தலையைத் தானே பின்னினாள். பின்னல் கோணிப்போனது. அவிழ்த்துத் திரும்பவும் பின்னும்போது அவளுக்கு அழுகை வந்தது.

கூட வந்தது கொழும்பிலிருந்து ஒரு மனேச்சர் அம்மா. பயிற்றுவிப்பாளரும் அவர்தான், காவலும் அவர்தான். முன்பொருதரம் அவர் கூட்டிப்போன வீரர் ஒருவர் போன இடத்தில் காணாமல்போய், அவர் நன்றாக ஏச்சு வாங்கியிருந்தார். இந்த முறை கீர்த்திகாவின் கடவுச்சீட்டை வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையிலும் குளியலறை வாசலிலும் பிள்ளை இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். குத்துக்கரணம் எப்படிப் போகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

சின்னம்மா தொலைபேசி எடுத்தாள்.

"பிள்ளை, முடிஞ்ச உடனை பின்வாசலாலை வா. கார் அங்கை நிக்கும்."

"சின்னம்மா, நீங்கள் உள்ளுக்கு வந்து பாருங்கோவன். எனக்கெண்டு ஒருத்தரும் இல்லை."

"உள்ளுக்கு வந்து நான் என்னத்தைப் பாக்கிறது? காரை விட்டிட்டு வந்தால் இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள். நீ யோசியாதை, நான் காருக்குள்ளையே இருப்பன்."

"நான் வாறனெண்டு சொல்லேல்லையே."

"விசர்க்கதை கதையாதை."

நிற்பதா, திரும்புவதா என்று இப்போது கீர்த்திகாவுக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அந்தக் குத்துக்கரணம் ஒருதரமாவது பிடிபடவேண்டும். அதைத் தன்னுடைய ஆள் ஒருவர் கண்ணால் பார்க்கவேண்டும்.

4

போட்டி நாள். சின்னம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்று தூளையும் போட்டி உடை இருந்த பையிலேயே கொண்டுவந்திருந்தாள். உடை மாற்றும் அறையில் பையைத் திறந்தால், பொலித்தீன் கிழிந்து உடை முழுக்கத் தூள். உதறினாள். உதறியது மூக்கில் ஏறியது. தும்மல், எரிவு, கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

(தூள் கொட்டியது என் வேலை. ஆனால் எங்கள் ஊர்த் தூளை உதறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.)

மனேச்சர் அம்மா அவள் முகத்தைக் கண்டார். அழுகிறாள், இன்றைக்கு ஓடப்போகிறாள் என்று முடிவு கட்டினார். கட்டையருகே தனக்கென்று போட்டிருந்த கதிரையை விட்டு எழுந்துபோய், மண்டபத்தின் பெரிய வாசலை மறித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார்.

அந்த நேரம் பண்டத்தரிப்பில் உதயகலா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். போட்டியை அதிலேயே பார்க்கலாம் என்று கீர்த்திகா போகுமுன் சொல்லிக் கொடுத்திருந்தாள். உதயகலா பார்க்கவில்லை. பார்த்தால் சார்ஜ் இறங்கிவிடும், தங்கச்சியின் அழைப்பு வராமல் போய்விடும் என்று பயம். "ஏத்தியாச்சு அக்கா" என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

5

இனி முடிவு. கைவசம் சில இருக்கின்றன.

கீர்த்திகா பின்வாசலால் போய்க் காரில் ஏறுகிறாள். சின்னம்மா ஹீட்டரைப் போட்டுவிட்டுக் கேட்கிறாள்: "தூள் எங்கை?"

அல்லது, திரும்பி வருகிறாள். மருதனார்மடத்தில் பஸ்ஸால் இறங்கச் சோமசேகரம் தராசைக் கீழே வைக்கிறார். "என்ன பிள்ளை, பிடிச்சு அனுப்பிட்டாங்களோ?"

அல்லது, காருக்கும் மனேச்சர் அம்மாவுக்கும் நடுவில் நின்று அவள்—

நிறுத்துவோம். இத்தனை முடிவு எழுதினேனே, எல்லாவற்றிலும் போட்டி முடிந்துபோயிருக்கிறது. கட்டையில் அவளை நான் ஏற்றவே இல்லை. நீங்களும் கேட்கவில்லை. காருக்குள் ஒருத்தி, வாசலில் ஒருத்தி, மடியில் தொலைபேசியோடு ஒருத்தி, இங்கே நீங்களும் நானும். சீ, என்ன மனுசர் நாங்கள்!

6

கீர்த்திகா நடுவர்களுக்குக் கையை உயர்த்தினாள். கண் இன்னும் எரிந்தது. மண்டபத்தில் ஒரே நேரத்தில் வேறு வேறு போட்டிகள் நடக்கும். சனம் முழுக்க அந்தப் பக்கம் பாட்டுக்குச் சுழன்று ஆடுகிறவளைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது. இவள் ஒருதரம் கதிரையைத் திரும்பிப் பார்த்தாள். வெறும் கதிரை.

ஏறினாள். நடந்தாள், துள்ளினாள், ஓரிடத்தில் ஆடிப்போய்க் கைகளை விரித்துச் சமாளித்தாள். பிறகு அந்த இடம் வந்தது. பின்னால் ஒன்றும் தெரியாது. கட்டை அங்கேதான் இருக்கிறது என்று நம்பிக் குதிக்கவேண்டும். பண்டத்தரிப்பிலும் கொழும்பிலும் ஒவ்வொரு முறையும் அவள் விழுந்தது இங்கேதான்.

குதித்தாள்.

காலிரண்டும் கட்டையில் வந்து ஊன்றின. ஆடவில்லை. ஐயோ, பிடிபட்டுவிட்டது!

மிச்சத்தை முடித்து இறங்கி, மறுபடியும் கையை உயர்த்தி, முகமெல்லாம் சிரிப்பாக யாரிடமாவது சொல்லத் திரும்பினாள். ஆளில்லை. உடை மாற்றும் அறைக்கு ஓடிப்போய்த் தூளுக்குள் கிடந்த தொலைபேசியை எடுத்தாள்.

"அம்மா, குத்துக்கரணம் பிடிபட்டிட்டுது! அசையவேயில்லை அம்மா, நேரா நிண்டனான்!"



"காரிலை ஏறியிட்டியோ பிள்ளை?"

"பிறகு எடுக்கிறன் அம்மா."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தாள். இதற்கு மேல் நான் அவள் பின்னால் போகப்போவதில்லை. எந்த வாசலால் போனாள் என்பது உங்கள் பாடு.

ஒன்றுதான் கேட்கிறேன். நடுவர்களை விட்டால், அவள் குதித்ததைப் பார்த்தவர்கள் நீங்கள் மட்டும்தான். மருதனார்மடம் பக்கம் போகும்போது அவள் வருவாளோ என்று யாராவது கேட்டால், அதற்கு ஒன்றும் சொல்லாதீர்கள். அவள் விழவில்லை என்று சொல்லுங்கள்.