சொந்தக்காரங்க என்று ஒரு கையெழுத்து

உறையூரில் அடைக்கலராஜ் சார் வீட்டில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறோம். ஒரு ரூம், ஒரு சமையலறை, மழை வந்தால் வாளி வைக்க வேண்டிய ஒரு மூலை. வீட்டை விற்கப்போகிறேன் என்றவர், வெளியாளுக்குக் கொடுக்குமுன் எங்களைக் கேட்டார். நகையை விற்று முன்பணம் கட்டிவிட்டால் மீதிக்குக் கடன் வாங்கலாம். மாதத் தவணை வாடகை அளவுதான் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவருக்கு என்ன கலர் அடிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன், அறிவுகெட்டவள்.

கடன் ஆபீசில் சம்பளச் சீட்டு கேட்டார்கள். என் கணவர் மருதை மண்டியில் வாழைத்தார் இறக்குகிறார். நான் இட்லி மாவு விற்கிறேன். எங்களுக்கு யார் சீட்டு கொடுப்பது? அங்கே இருந்த லின்சி மேடம் நல்லவர். வாடகை ஒழுங்காக வந்தது என்று ஓனர் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். அடைக்கலராஜ் சார் அன்றைக்கே எழுதித் தந்தார். வீட்டுப் பத்திரக் கட்டையும் சேர்த்துத் தந்தார்.

அடுத்த வாரம் லின்சி மேடம் கூப்பிட்டு, அந்தக் கட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நாங்கள் ஓனருக்குச் சொந்தக்காரர்கள், வாடகையில்லாமல் தங்கியிருக்கிறோம் என்று இருந்தது. கீழே என் கையெழுத்து. வாடகைக்கு விட்ட வீடு என்றால் வீட்டு வரியை ஏற்றிவிடுவார்கள் என்று ஓனர் கேட்டு நான் போட்டது. எங்கள் தெருவில் எல்லாரும் போடுவதுதான். வரி ஏறினால் அது எங்கள் தலையில்தானே விடியும்?

“ரெண்டுல எதுங்கம்மா உண்மை?”

“வாடகை குடுத்தது உண்மைங்க. கையெழுத்தும் என்னுதுதாங்க.”

இதை மேலே அனுப்பினால் தன் வேலை போய்விடும் என்று ஃபைலை மூடினார். வெட்கத்தை விட்டு அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃபைல் திறக்கவில்லை.

வீட்டை ஸ்ரீரங்கத்துக்காரர் ஜெயக்குமார் வாங்கினார். நீங்களே இருங்கள் என்றார். வாடகை மட்டும் ஆயிரத்து ஐந்நூறு கூடுதல். தவணை கட்ட லாயக்கில்லாதவர்கள் தவணையைவிட அதிகமாகக் கட்டுகிறோம். மூலையில் அதே வாளி.

போன வாரம் அவர் ஒரு காகிதத்தோடு வந்தார். வரி போட ஆள் வருகிறார்களாம்.

“சொந்தக்காரங்கன்னு ஒரு கையெழுத்து போட்டுடுங்கம்மா.”

மருதை என் முகத்தையே பார்த்தார். ஏறிய வாடகைக்கே நகை அடகுக்குப் போய்விட்டது; வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது? மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தேன்.