பேச்சு போன அம்மா

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரை எல்லோரும் இருமலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பின்னணிக் குரல் கொடுப்பவர்களில் அவரைப் போல இருமுகிறவர் வேறு யாரும் கிடையாது. காசநோய்க்கு ஓர் இருமல், மகன் கைவிட்டதற்கு ஓர் இருமல், உயிர் பிரியும் முன் ஓர் இருமல் என்று தனித்தனியாக வைத்திருந்தார். நிஜத்தில் அவருக்குச் சளி பிடித்தே நாலு வருஷம் ஆகிறது. ஐம்பத்தொன்பது வயதில் மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்காமல் மைக் முன்னால் நிற்பார்.

ஒரு காலத்தில் கதாநாயகிகளுக்குப் பேசியவர். நாற்பத்தைந்தைத் தாண்டியதும் ஒரு நாள், "அக்கா, இனிமே நீங்க அம்மாவுக்குப் பேசுங்க" என்றார்கள். அன்றிலிருந்து அழுதுகொண்டும் செத்துக்கொண்டும் இருந்தார்.

அன்றைக்கு வந்தது பெரிய நடிகரின் படம். நாயகனுக்கு ஐம்பத்தொன்று, அவனுக்கு அம்மாவாக நடித்தவளுக்கு நாற்பத்தாறு. அம்மா தலைக்கு வெள்ளையும் மகன் தலைக்குக் கறுப்பும் ஒரே ஒப்பனைக்காரர்தான் பூசியிருப்பார். இரண்டு டப்பாவும் ஒரே மேசையில் இருந்திருக்கும்.

முதல் மூன்று காட்சியில் வேலை சுலபம். "சாப்ட்டியா கண்ணு", "பாத்துப் போப்பா", "நீ நல்லா இருந்தா போதும்." இவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். நாலாவது காட்சியில்தான் சிக்கல். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்துப் பேசுகிறாள். காகிதத்தில், "நான் உயிரோட இருக்கறதே உனக்காகத்தாம்பா" என்று இருந்தது. பக்கத்தில், 'நடுக்கம், பிறகு இருமல்.'

மூன்று முறை பேசிப் பார்த்தார். ஒட்டவில்லை. திரையில் உதடுகள் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. இது அவருக்கு முப்பது வருஷத் தொழில். உதடு மூடும் இடமும் திறக்கும் இடமும் கண்ணுக்குத் தப்பாது. போதாததற்கு, கடைசியில் அந்த நடிகை சிரிக்கிறாள். சிரிக்கிறவளுக்கு எப்படி இருமுவது?

"படப்பிடிப்புல பதிவான குரல் இருக்கா?" என்று கேட்டார்.

ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்தார். இயக்குநர் தாழ்வாரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஒரு தடவைதான்கா" என்று சொல்லி ஓட விட்டார்.

காதில் விழுந்த குரல் கனமாக, கொஞ்சம் கரகரப்பாக, அவசரமில்லாமல் இருந்தது. "இருபத்தாறு வருஷமா இந்த அடுப்புகிட்டயே நின்னுட்டேன். நாளைலேர்ந்து பழையபடி அச்சகத்துக்கு வேலைக்குப் போறேன். சாவி மேசை மேல இருக்கு, பசிச்சா சமைச்சுக்க. நீ பெரிய ஆளுதான். அடுப்பு பத்த வைக்கத் தெரியாத பெரிய ஆளு." அப்புறம் அந்தச் சிரிப்பு. ஒலிப்பதிவாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இயக்குநர் உள்ளே வந்தபோது இருமலக்கா காதிலிருந்து கருவியைக் கழற்றி வைத்திருந்தார்.

"தம்பி, இவங்க குரலே நல்லாத்தானே இருக்கு. வசனமும் நல்லா இருக்கு. எதுக்கு மாத்தறீங்க?"

"ஹீரோ சாருக்குச் சரியாப் படலக்கா. அம்மாவே இப்படிப் பேசினா அவர் மேல மரியாதை போயிடும்ல. குரலும் அம்மா குரல் மாதிரி இல்ல."

"அவங்களுக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. எங்க குரல் அம்மா குரல் இல்லன்னா வேற எது? சரி, உங்கம்மா வீட்ல எப்படிப் பேசுவாங்க?"

"எங்கம்மாவா? கத்துவாங்க. கீழ் வீட்டுக்குக் கேக்கும்."

"அப்புறம்?"

"அது வீடுக்கா. இது சினிமா."

இருமலக்கா காகிதத்தைக் கையில் எடுத்தார். பதினாலு வருஷமாக இருமியதெல்லாம் தொண்டைக்குள் வந்து நின்றது போல இருந்தது. "நான் பேச மாட்டேன்" என்றார். "உங்க இஷ்டம். வேற ஆளா இல்ல" என்றார் இயக்குநர். காகிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்று மாடியும் இறங்கி வந்தார்.

வீட்டில் தங்கை இருந்தாள். பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர். நாற்பது ஓட்டுநர்களை ஒரு அதட்டலில் வரிசையில் நிறுத்துகிறவள். அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ கோவப்பட்டது சரி. நீ இல்லன்னா இன்னொருத்தி. அந்த நடிகைக்கு விஷயம் தெரியுமா?" என்றாள்.

இருமலக்காவுக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் முகவரி வாங்கிக்கொண்டு போனார். நடிகையே கதவைத் திறந்தாள். தலைமுடி கறுகறுவென்று குட்டையாக வெட்டியிருந்தது, கையில் சுத்தியல். அலமாரித் தட்டு ஒன்று பாதி அடித்த நிலையில் சுவரில் தொங்கியது. வந்தவர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை அவள் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"உங்க குரல் எனக்கு நல்லாத் தெரியும்கா" என்றாள் பிறகு. "என்னோட முதல் பதினோரு படத்துலயும் நீங்கதான பேசினீங்க."

"ஆமா."

"ஒரு தடவை விருது குடுத்தாங்க. மேடையேறி நன்றி சொன்னேன். கூட்டமே சிரிச்சுது. என் குரலைக் கேட்டு. அவங்க உங்க குரலை எதிர்பார்த்து வந்திருந்தாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நான் எந்த மேடையிலயும் வாயைத் திறக்கல."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க வந்து கேட்டிருக்கலாமே."

 நேற்றிலிருந்து இயக்குநர் மேலும் நாயகன் மேலும் கொட்டிக்கொண்டிருந்த கோபத்தில் ஒரு பங்கு திரும்பி வந்து இருமலக்காவின் மடியிலேயே விழுந்தது. கதாநாயகியின் குரல் என்று ஊரெல்லாம் தன்னைக் கொண்டாடியபோது, யாருடைய வாயை அடைத்துவிட்டுப் பேசுகிறோம் என்று ஒரு நாளும் அவர் நினைத்ததில்லை.

நடிகை உள்ளே போய் ஒரு கடிதத்தை எடுத்து வந்தாள். இந்தப் படத்தில் அவளுடைய சொந்தக் குரல்தான் இருக்கும் என்று தயாரிப்பாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. "இதுக்காகத்தான் அம்மா வேஷத்துக்கே ஒத்துக்கிட்டேன்."

இருவரும் சேர்ந்து தயாரிப்பாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். அவர் கடிதத்தைப் படித்தார், தேநீர் வரவழைத்தார், சிரித்தார். "கவலையே படாதீங்க மேடம். உங்க குரலுக்குப் பதிலா வேற ஒரு குரல் வராது. என் வார்த்தை."

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். அதை முன்னோட்டக் காட்சியில் பார்த்தார்கள்.

படம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் மகனைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத அம்மா மயங்கி விழுகிறாள். முகம் தெரியவில்லை, நடித்தது வேறு யாரோ. அடுத்து ஒரு மருத்துவர் வந்து, "அதிர்ச்சியில பேச்சு போயிடுச்சு" என்கிறார். அவ்வளவுதான், மிச்சப் படம் முழுக்க அம்மா ஊமை. அடுப்பங்கரைக் காட்சி வந்தது. பேசத் தொடங்கும் முன் அவள் மகனைப் பார்த்த பார்வையை மட்டும் வெட்டி எடுத்து, வயலின் வாசிக்க விட்டு, கன்னத்தில் ஒரு கண்ணீர்த் துளியைக் கணினியில் வரைந்து வைத்திருந்தார்கள். முன் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

இருமலக்கா பக்கத்து இருக்கையைப் பார்த்தார். நடிகை கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், நிஜமாகவே அழுதோமா என்று சந்தேகம் வந்தவள் போல.

படம் முடிந்ததும் மேடையில் எல்லோரும் எல்லோரையும் புகழ்ந்தார்கள். கடைசியில் இயக்குநர், "நம்ம அம்மா ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றார்.

அவள் ஏறினாள். "ரெண்டு வார்த்தை எனக்குப் பத்தாது" என்று ஆரம்பித்தாள். அரங்கில் சலசலப்பு. அந்தக் குரலைப் பலர் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறார்கள். "எனக்கு இந்தப் படத்துல பேச்சு இருந்தது. நல்ல பேச்சு. நீங்க சிரிச்சிருப்பீங்க. என் மகனா நடிச்சவர் என்னைவிட அஞ்சு வயசு பெரியவர், அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா வேலைக்குப் போறேன்னு சொன்ன பொம்பளைய ஊமையாக்கிட்டாங்க."

மைக் செத்தது. யார் அணைத்தார்கள் என்று தெரியவில்லை. அவள் நிறுத்தவில்லை, அந்தத் தொண்டைக்கு மைக் தேவைப்படவில்லை. அச்சகம், அடுப்பு, சாவி என்று வெட்டிய வசனம் முழுவதையும் சொன்னாள். கடைசி வரிசை வரை கேட்டது. யாரோ ஒரு பெண் கைதட்ட, நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். நாயகன் எழுந்து வெளியே போனார்.

"இந்தம்மாவைக் கீழ இறக்குங்கப்பா" என்று தயாரிப்பாளர் பல்லைக் கடித்தபோது, இருமலக்கா தானும் மேடையேறி அவள் பக்கத்தில் நின்றார். அவரும் மைக் இல்லாமலே பேசினார். "இவங்களோட பதினோரு படத்துல பேசினது நான்தான். இவங்ககிட்ட கேக்காம பேசினேன். என் தப்பு. பன்னிரண்டாவதுக்கும் என்னைத்தான் கூப்பிட்டாங்க."

 பிறகு நடிகையின் கையைப் பிடித்துக்கொண்டார். நடிகை கையை விலக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை.

படம் நன்றாக ஓடியது. 'ஒரு வார்த்தை பேசாமல் கண்களாலேயே தாய்மையைச் சொல்லிவிட்டார்' என்று விமர்சனம் எழுதினார்கள். தங்கை அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, பத்திரிகையைக் கசக்கி எறிந்தாள். நடிகைக்கு அந்த வருஷம் வேறு படம் வரவில்லை. நாடகக் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே வெட்ட முடியாது.

இரண்டு மாதம் கழித்து இருமலக்காவுக்கு ஒரு கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. "அம்மா வேஷம்கா. அரை நாள் வேலை."

"நடிச்சவங்ககிட்ட சொல்லிட்டீங்களா, வேற ஆள் பேசறாங்கன்னு?"

"அதெல்லாம் எதுக்குக்கா? வழக்கமா..."

"அவங்களே போன் பண்ணி என்னைப் பேசச் சொல்லட்டும். வர்றேன்."

"கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்கள். பிறகு அழைக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் வேறு ஆளைப் பிடித்திருப்பார்கள் என்று தெரியும், யாரை என்றும் தெரியும். தனக்குப் பதிலாகப் பேசப்போகும் அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடி எடுத்து, அவளை அழைத்தார்: "பேசறதுக்கு முன்னால நடிச்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுரும்மா."