பச்சை, நீலம், சிவப்பு

சுப்புராயனின் கண்ணைப் பற்றி யார் விசாரித்தாலும் அவர் டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டியைத்தான் குற்றம் சொல்வார். "கண்ணுக்கு இன்னா? தெளிஞ்சிக்கினுதான் வருது. இந்தப் பொட்டியிலதான் படம் கலங்கலா இருக்குது."

அந்தப் பாழாய்ப்போன கள்ளச்சாராயத்தைக் குடித்து ஐந்து மாதம் ஆகிறது. கூடக் குடித்தவர்களில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவர் உயிரோடு நைனார்பாளையம் திரும்பியதே பெரிது. பார்வைதான் போய்விட்டது. ஆறு மாதத்துக்குள் திரும்பினால் உண்டு என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மகள் மணிமொழி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். போன மாதம் அப்பா பழையபடி அவளோடு கிரிக்கெட் கேம் ஆட உட்கார்ந்து, பந்து மங்கலாகத் தெரிகிறது என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை முதல் டிராக்டர் ஓட்ட வருவதாக நிலக்காரர் நாராயணசாமியிடம் சொல்லியும் விட்டார் மனுஷன்.

படம் தெளிந்தால் அப்பாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியுமே என்று அவள் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜீவா, பெட்டியின் மாடலைக் கேட்டுவிட்டு ஒரு வயரைத் தேடி எடுத்தான்.

"உங்க வூட்ல இருக்கற வயர்ல படம் மொத்தமும் அந்த மஞ்சப் பின்னு ஒண்ணுலயே வருதுங்க. புது டிவியில கலங்கலாதான் தெரியும். இதுல படத்துக்கு பச்சை, நீலம், சிவப்புன்னு மூணு பின்னு. சவுண்டுக்கு ரெண்டு தனி. மாட்டிப் பாருங்க, புல்லு கூட தெரியும்."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, புல் கூடத் தெரியுமாம் என்று அப்பாவிடம் சொன்னாள். பழைய வயரைப் பிடுங்கிவிட்டு, டிவிக்குப் பின்னால் குனிந்து சவுண்டு பின் இரண்டையும் முதலில் சொருகினாள். அதற்குள் சுப்புராயனுக்குப் பொறுக்கவில்லை. தடவிப் பார்த்துப் பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டார். பழக்கப்பட்ட விரல் தானாகவே பட்டன்களை அமுக்கியது. மைதானத்துக் கூச்சல் கிளம்பியது.

"ஆங், இப்பதான் பளிச்சுனு இருக்குது பாப்பா" என்றார். "புல்லு கூட தெரியுது பாரு."

மணிமொழி எட்டி டிவியைப் பார்த்தாள். சிக்னல் இல்லை என்ற எழுத்தைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. பச்சையும் நீலமும் சிவப்பும் அவள் கையில் இருந்தன.

பந்து வீச ஓடிவருகிறவனின் காலடிச் சத்தம் கேட்டது. அப்பா தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்து, சரியான நேரத்துக்குப் பட்டனை அமுக்கினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. "நாலு" என்று சிரித்தார். இந்த ஒரு மாதமும் இப்படித்தான் ஆடியிருக்கிறார். அப்படியே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் திங்கட்கிழமை டிராக்டர் இருக்கிறதே.

"அப்பா, படத்து வயரை நான் இன்னும் மாட்டவே இல்லப்பா."

அவர் விரல் நின்றது. ஓடிவந்தவன் வீசினான், ஸ்டம்பு தெறிக்கிற சத்தம் கேட்டது. பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டு, "உங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றார். "நாராயணசாமியாண்ட நீ சொல்லிடு."

அவள் அழுதுகொண்டே மூன்று பின்களையும் சொருகினாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பெட்டியிலிருந்து இப்படி ஒரு படம் வந்ததே இல்லை.

"வந்துடுச்சா?" என்று கேட்டார் சுப்புராயன்.

"வந்துடுச்சிப்பா."

"புல்லு தெரியுதா?"

"தெரியுதுப்பா."