கால் தெரிகிற தண்ணீர்

1

இந்தக் கதை எனக்குக் கொசுறாகக் கிடைத்தது. சாயப்பட்டறைக்காரர் ஒருவரிடம் போர்வைக்குப் பேரம் பேசினேன். விலையில் இறங்க மறுத்த மனிதர், "இதையாவது வச்சுக்கோங்க" என்று தன் கொழுந்தியாளின் கதையைச் சொல்லி அனுப்பினார். போர்வை முதல் சலவையிலேயே வெளுத்துவிட்டது. கதை வெளுக்க மாட்டேன் என்கிறது.

2

காலங்காலமாக ஓடிக்கொண்டிருந்த அந்த ஆறு (அடித்துவிட்டேன். ஆறு ஓடாமல் உட்கார்ந்தா இருக்கும்?)

சரி, இப்படி: அவளுக்கு ஆற்றுநீரைப் புட்டியில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பும் வேலை. அவள் கணவன் அதே ஆற்றில் நீச்சல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். சாயம் கலந்து தண்ணீர் கருத்தபின், வெளியூர் ஓட்டல் ஒன்றின் குளத்துக்குப் போய்விட்டான். (முதலில் அவனைக் குடிகாரனாக்கினேன். மலிவான சரக்கு, திருப்பி அனுப்பிவிட்டேன்.) போனில் எப்போதும் ஒரே பேச்சு.

"கால் தெரியுதா?"

"முட்டியே தெரியல. இதுல கால எங்க தேட?"

"தெரியுற அன்னிக்குக் கூப்பிடு. அடுத்த பஸ்ல ஏறிடறேன்."

3

கெட்டுப்போன ஆறுகளைச் சீராக்க அரசு மானியம் அறிவித்தது. அதிகாரி முன்னால் எடுத்த தண்ணீர் சோதனையில் தோற்றால்தான் பணம் வரும். ஆனால் பெரிய மனிதர் வருகிறார் என்றால் பட்டறைக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது.* பட்டறைகளைப் பூட்டினார்கள். சாயத்தை அடித்துக்கொண்டு போக, மேலணையில் சொல்லி மதகையும் திறக்கவைத்தார்கள்.

(* என் அப்பாவும் இந்த ரகம்தான். வரி அதிகாரி வந்த அன்று கடையை ஜோடித்துவைத்து வரியை ஏற்றிக்கொண்டார்.)

4

சோதனை நாளன்று அவள் புட்டியோடு ஆற்றில் இறங்கிக் குனிந்தாள். பத்து விரல்களும் தெரிந்தன. சுண்டுவிரல் தழும்புகூட.

கரையில் நின்ற அக்கா புருஷன், அதாவது நம் பட்டறைக்காரர், பூரித்தார். "எப்படி மச்சினி, கண்ணாடி மாதிரி இருக்கா?"

"நோயாளிக்குப் பவுடர் பூசி டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்திருக்கீங்க, மாமா."

"ஐயையோ! அப்ப இப்பவே பட்டறையத் தொறக்கச் சொல்லட்டா?"

"மேடம், புடிச்சாச்சா?" என்றார் அதிகாரி.

5

முடிவு ஒன்று: புட்டியை நிரப்புகிறாள். ஆறு தேறுகிறது; மானியம் போகிறது; நாளை மறுபடி கருப்பு.

முடிவு இரண்டு: "பட்டறை ஓடுற நாள்ல வாங்க சார்" என்கிறாள். இத்தனை வருஷம் ஏங்கிய தண்ணீரில் நின்றுகொண்டு, இது கருத்தபின் வாருங்கள் என்று தன் வாயாலேயே

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். அதிகாரியிடம் "ஒரு நிமிஷம் சார்" என்றாள். காலிப் புட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்தாள். தெரிகிறது என்றால் பஸ் ஏறிவிடுவான். வந்து சேர்வதற்குள் சாயமும் வந்துவிடும். தெரியவில்லை என்று சொல்லலாம் என்றால், விரல்கள் கீழேயிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

"கால் தெரியுதா?" என்றான் எடுத்ததும்.

அவள் என்ன சொன்னாள் என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன். "கொசுறுல அவ்வளவுதாங்க வரும்" என்று கடையை மூடிவிட்டார். என் கையிலும் சரக்கு இல்லை. அவன் இன்னும் போனைக் காதில் வைத்தபடி நிற்கிறான். நீங்களாவது பதில் சொல்லுங்கள்.