தனமழ

டீம் லீடர் தானே எழுந்து போய் டீ எடுத்துவந்து அவள் மேசையில் வைத்தபோதே டவுட்டு உஷாரானாள். பதினோரு மாதத்தில் அந்த ஆள் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் நகர்த்தி வைத்ததில்லை.

"சர்க்கரை கம்மியா போடச் சொன்னேன், நீ அப்படித்தானே குடிப்ப?" என்றார்.

அவள் அப்படிக் குடிப்பதில்லை. ஆனாலும் தலையாட்டினாள். டவுட்டு என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். சேர்ந்த முதல் வாரம் வாயைத் திறந்தபோதெல்லாம் "ஒரு டவுட்டு" என்றுதான் தொடங்கினாள். மற்றவர்களுக்குத் தெரியாததைக் கேட்க வெட்கம். இவளுக்குத் தெரியாமல் தெரிந்ததுபோல் நடிக்க வெட்கம். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாதவள் வெளியில்தான் கேட்டாக வேண்டும். அப்பா சரக்கு வேன் ஓட்டுகிறார். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு ஆவி இஸ்திரி போடுகிறாள். அந்த வீட்டின் முதல் பட்டம் இவளுடையது.

லீடர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தணித்தார்.

"நாம அட்மிஷன் சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்த நர்சிங் காலேஜ்ல இருந்து மெயில் வந்திருக்கு. இருநூத்திப் பன்னெண்டு அப்ளிகேஷன் தள்ளுபடி ஆயிருக்கு. பேரு சர்டிஃபிகேட்டோட ஒத்துப்போகலையாம். ஒரே கத்தல். மேனேஜர் மேடம் ரெண்டு மணிக்கு மீட்டிங் போட்டிருக்காங்க."

"எதனாலயாம் சார்?"

"ஸ்ட்ரிங் ஹெல்பர் ஃபைல்ல ஏதோ மாத்தம். உன் பேர்ல விழுந்திருக்கு. பயப்படாத. ஒரு ரிப்போர்ட் எழுதியிருக்கேன், நீ கையெழுத்து மட்டும் போடு. புதுசுன்னு விட்டுடுவாங்க. நான் பேசிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டும். இன்று செவ்வாய். இன்னும் மூன்றே நாள் இருக்கும்போது ஒருவர் டீயும் ரிப்போர்ட்டும் சேர்த்துக் கொண்டுவந்தால் டீயைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிக்க வேண்டும். அவள் குடிக்கவே இல்லை.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுறேன் சார்."

"இதுல படிக்க என்னம்மா இருக்கு?"

"அதைப் படிச்சாத்தானே சார் தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனார். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் ஏறவில்லை.

ஹெல்பர் என்றால் எடுபிடி. பெரிய நிரல்கள் பெரிய வேலையைப் பார்க்கும். எடுபிடிகள் காட்டிய இடத்தில் சொன்னதைச் செய்யும். ஒருவர் பெயரைத் தட்டச்சு செய்து முன்னும் பின்னும் இடைவெளி விட்டிருந்தால் ஒன்று அதை வெட்டும். நடுவில் இரண்டு இடைவெளி இருந்தால் இன்னொன்று ஒன்றாக்கும். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரமும் இதயமும் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தக் குப்பையை மூன்றாவது பெருக்கும். அந்த ஃபைல் முழுக்க டவுட்டு எழுதியது. சேர்ந்த புதிதில், "சின்ன வேலைதான், நீ பண்ணு" என்று தூக்கிப் போட்டார்கள். எடுபிடிக்கு எடுபிடி வேலை.

பெயரைச் சுத்தம் செய்யும் அந்த மூன்றாவது எடுபிடியில் ஒரு சூட்சுமம் உண்டு. கம்ப்யூட்டர் கணக்கில் 'க' எழுத்து. ஆனால் 'கா'வின் கால் எழுத்தல்ல, ஒட்டு. கொம்பு ஒட்டு, கொக்கி ஒட்டு, தலைமேல் வைக்கிற புள்ளியும் ஒட்டு. எழுத்து அல்லாததையெல்லாம் பெருக்கித் தள்ளு என்று மொட்டையாகச் சொன்னால் தமிழ்ப் பெயர் ஒவ்வொன்றும் கால் போய், கொம்பு ஒடிந்து வெளியே வரும். ஆங்கிலத்தில் எழுதியவருக்கு ஒரு கீறல்கூட விழாது. அதனால்தான் அவள், 'எழுத்தையும் வை, எழுத்தோடு ஒட்டியதையும் வை' என்று எழுதியிருந்தாள். அது சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனையும் வைத்திருந்தாள். உள்ளே 'தேன்மொழி' போனால் வெளியே 'தேன்மொழி' வர வேண்டும். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

பதிவேட்டைத் திறந்தாள். யார், எப்போது, எந்த வரியைத் தொட்டார்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். போன வியாழன், மாலை நான்கு பத்து. அவள் பெயர். 'எழுத்தோடு ஒட்டியதையும் வை' என்ற பாதி காணோம்.

அதற்குக் கீழே இருந்ததைப் பார்த்ததும் காது சூடானது. சோதனையில் இருந்த விடையும் மாறியிருந்தது. தேன்மொழி போனால் தனமழ வர வேண்டும்.

தனமழ!

வரியை அழித்தவர் தெரியாமல் அழித்திருக்கலாம். விடையை மாற்றியவர் தெரிந்தே மாற்றியிருக்கிறார். சிவப்பு எரிந்திருக்கிறது. ஏன் எரிகிறது என்று பார்க்காமல், வந்து விழுந்த தப்பையே எடுத்துச் சரியான விடை என்று ஒட்டிப் பச்சையாக்கியிருக்கிறார். தமிழ் படிக்கத் தெரிந்த எந்தக் கையும் அந்த 'தனமழ'வை ஒட்டியிருக்காது; ஒரு நொடியாவது கூசியிருக்கும். இந்த அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரியாதவர் ஒருவர்தான், லீடர். அதை அவர் குறையாகச் சொல்ல மாட்டார். "எனக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும்" என்று, ஏதோ பட்டம் வாங்கியதுபோலச் சொல்வார்.

ஆனால் சந்தேகம் சாட்சி ஆகாது. வியாழன் நாலு பத்துக்குத் தான் சீட்டில் இல்லை என்று அவள் சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, எங்கே போனாய்?

அன்று மூன்றரைக்கு அப்பா போன் செய்தார். இஸ்திரி மிஷினில் அம்மாவின் மணிக்கட்டு மாட்டிவிட்டது. டவுட்டு திரையைப் பூட்டவில்லை, வாசல் வருகை மிஷினில் விரல் வைக்கவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஓடிவிட்டாள். பக்கத்து சீட்டு டெஸ்டர் அக்கா மட்டும், "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்றாள். விரல் வைக்காமல் போனவர்களை அலுவலகம் முடியும் நேரம் வரை உள்ளே இருந்ததாகவே மிஷின் எழுதிக்கொள்ளும்; வருகைக் கணக்குப்படி டவுட்டு அன்று ஆறரை வரைக்கும் உள்ளேதான் இருந்தாள். நிரந்தரம் ஆகாதவள் சொல்லாமல் வெளியே போனால் என்ன ஆகும் என்று சேரும்போது கையெழுத்து வாங்கிய தாளில் இருக்கிறது. அந்தத் தாளை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவள்தான்.

அதாவது, தான் குற்றவாளி இல்லை என்று காட்ட இன்னொரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். லீடருக்கு இது தெரியுமா? காலி நாற்காலியைப் பார்த்த ஆளுக்குத் தெரியாமலா இருக்கும்!

மாடிப்படியில் டெஸ்டர் அக்காவை மடக்கினாள். அக்காவுக்கு நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், அலுவலகத்தில் எல்லோருக்கும் அக்கா.

"அக்கா, வியாழக்கிழமை நான் போன பிறகு என் சீட்ல யார் உக்காந்தா?"

அக்கா கைப்பையில் எதையோ தேடத் தொடங்கினாள். "நான் கவனிக்கலடி."

"பக்கத்து சீட்டுக்கா. ஒரு முழம் தூரம்."

"கவனிக்கலன்னா கவனிக்கல. ஏன், என்னாச்சு?"

போனில் 'தனமழ'வைக் காட்டினாள். அக்கா முதலில் சிரித்துவிட்டாள். "ஐயையோ, அப்ப அக்கான்னு போட்டா என்ன வரும்? அகக! இனிமே என்னை அககன்னே கூப்பிடு." பிறகு சிரிப்பு நின்றது. "இங்க பாரு, நான்தான் உன்னைப் போகச் சொன்னேன். அது வெளிய வந்தா என் தலையும் உருளும். என்னை இதுல இழுக்காத."

அக்கா இறங்கிப் போனாள். இந்த அக்கா என்கிற சொல்லிலும் ஒட்டியிருந்தது உதிர்ந்துவிட்டதா என்று டவுட்டு பார்த்துக்கொண்டே நின்றாள். யாரை நம்புவது? தேடிப் பிடித்துப் பார்த்தால் தன் கைப்பையில் ஒரு காகிதம்தான் மிஞ்சியது.

இரண்டு மணிக்கு மீட்டிங் அறை. ஜன்னல் இல்லாத சின்ன அறை. மூவர் உட்கார்ந்தால் நான்காவது ஆள் கதவுக்கு முதுகு கொடுக்க வேண்டும்; டெஸ்டர் அக்கா அப்படித்தான் நின்றாள். மேனேஜர் மேடம் சுவரில் பதிவேட்டை ஒளியாய் விழவிட்டார். டவுட்டின் பெயர் ஒரு சாண் உயரத்துக்கு எரிந்தது.

"இது உன் பேர்தானே?" என்றார் மேடம்.

"பேரு என்னுதுதான் மேடம்."

"அப்புறம் என்ன? கையெழுத்துப் போட வேண்டியதுதானே?"

அவள் பதில் சொல்லும் முன் லீடர் முந்திக்கொண்டார். "மேடம், அவளை ரொம்பக் கேட்காதீங்க, நல்ல பொண்ணு. இதெல்லாம் அனுபவம் இல்லாததுதான். டெஸ்ட் ரெண்டு தடவை சிவப்பா விழுந்திருக்கு. ஒரு தடவை விழுந்தா அவசரம்னு விட்டுடலாம். ரெண்டாவது தடவையும் விழுந்த பிறகாவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

டவுட்டு நிமிர்ந்தாள்.

"சார், ஒரு டவுட்டு."

"சொல்லு."

"ரெண்டு தடவைன்னு எங்க இருக்கு?"

"எது?"

"சிவப்பு. பதிவேட்டுல கடைசியா சேமிச்ச பச்சை மட்டும்தான் இருக்கும். சிவப்பு அந்தத் திரைக்கு முன்னாடி உக்காந்திருந்தவங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு தடவையா, ரெண்டு தடவையா, பத்துத் தடவையான்னு எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அது... வழக்கமா அப்படித்தானே வரும். ஒரு ஊகம்தான்."

"ஊகம் ஒண்ணுன்னு வரலாம், மூணுன்னு வரலாம். எண்ணி ரெண்டுன்னு வந்திருக்கே!"

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். லீடரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் சுதாரித்துக்கொண்டார்.

"நான் தமிழ் ஃபைல் எதையும் தொடுறதே இல்ல மேடம், எனக்குப் படிக்கவே வராதே. இது முழுக்க இவ ஏரியா. வியாழக்கிழமை ஆறரை வரைக்கும் இவ சீட்லதான் இருந்திருக்கா, வருகைக் கணக்கைப் பாருங்க."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு உரை எழுத வேண்டியதில்லை. வாயைத் திறந்தால் நீதான் மாட்டுவாய்.

டவுட்டு கைப்பையைத் திறந்து ஆஸ்பத்திரிச் சீட்டை மேசைமேல் வைத்தாள். தீக்காயம், வலது மணிக்கட்டு, கட்டுப் போட்ட நேரம் நாலு ஐந்து. உடன் வந்தவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து.

"நான் உள்ள இல்ல மேடம். அம்மாவுக்குக் கை வெந்துபோச்சு, சொல்லாம ஓடிட்டேன். விரல் வைக்கல. தப்புதான். அதுக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க. செஞ்ச தப்புக்கு எத்தனை கையெழுத்து வேணும்னாலும் போடுறேன். செய்யாததுக்குப் போட மாட்டேன்."

கதவில் சாய்ந்திருந்த டெஸ்டர் அக்கா தொண்டையைச் செருமினாள்.

"நான்தான் போகச் சொன்னேன் மேடம். அவ போன கொஞ்ச நேரத்துல இந்த லீடர் தம்பி வந்து அவ சீட்ல உக்காந்தாரு. பேர்ல இதயத்தை எடுத்த பிறகும் அதோட ஒட்டு கட்டம் கட்டமா நிக்குதுன்னு காலேஜ்ல இருந்து அவரைப் போன்ல திட்டிட்டிருந்தாங்க, அதை எடுக்கத்தான்." லீடர் பக்கம் திரும்பினாள். "தம்பி, பின்னாடி இருந்து நானே பாத்தேன். காலையில சொல்லியிருக்கணும். சொல்லல."

லீடர் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினார். மேடத்திடம் அல்ல, டவுட்டிடம் சொன்னார். "நீ புதுசு. உனக்குன்னா மன்னிச்சுடுவாங்க. எனக்குன்னா மன்னிக்க மாட்டாங்க. அப்படித்தான் நினைச்சேன்."

"என் மன்னிப்பு என்ன உங்க ஸ்பேர் டயரா சார்?" என்றாள் அவள்.

மேடம் ரிப்போர்ட்டை இரண்டாகக் கிழித்தார். "உன் பேர் எதுலயும் வராது. சொல்லாம போனதுக்கு அரை நாள் லீவு வெட்டுவேன். வெள்ளிக்கிழமை லெட்டர் வந்துடும், போதுமா?"

"மெயில்ல போடுங்க மேடம்."

"என் வார்த்தை மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு மேடம். மெயில்லயும் இருக்கட்டும்."

மேடம் ஒரு நொடி முறைத்தார். பிறகு அங்கேயே தட்டி அனுப்பினார். டவுட்டு போனில் அதை மேலிருந்து கீழ் வரைக்கும், தேதி உட்பட, இரண்டு முறை படித்த பிறகுதான் எழுந்தாள்.

ஆனால் வேலை முடியவில்லை. பெருக்கித் தள்ளிய ஒட்டுகள் போனது போனதுதான். எந்த இயந்திரத்தாலும் தனமழவைத் திருப்பித் தேன்மொழி ஆக்க முடியாது. இருநூற்றுப் பன்னிரண்டு சான்றிதழ்ப் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கண்ணால் படித்து, பெயரை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். கல்லூரி நாளை காலை வரைக்கும் அவகாசம் கொடுத்திருந்தது. மேடம் நான்கு பங்காகப் பிரித்தார். ஆளுக்கு ஐம்பத்து மூன்று.

"தம்பி பங்கை யார் படிக்கிறதாம்?" என்றாள் டெஸ்டர் அக்கா.

லீடர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு டவுட்டின் மேசைக்கு வந்தார். இந்த முறை கையில் டீ இல்லை.

"இதை மட்டும் நீயே அடிச்சுடேன்மா. உனக்கு ரெண்டு நிமிஷம்."

"நான் அடிச்சா என் பேர்ல விழும் சார். உங்க பேர்ல உள்ள போங்க. நான் சொல்றேன், நீங்க அடிங்க."

அவர் உள்ளே நுழையும்போது எந்தப் பெயர் விழுகிறது என்று அவள் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். முதல் சான்றிதழைத் திறந்தார்கள். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் கோழி பொறுக்குவதுபோல் விசைப்பலகையில் விரலால் தேடினார்.

"அடுத்தது கொம்பு."

"எந்தக் கொம்பு?"

"சுழி ரெண்டு இருக்கிறது. அது இல்ல, ஒத்தைக் கொம்பு அது. அழிங்க."

அழித்தார். மறுபடி தேடினார். மணி நான்கானபோது ஏழு பெயர்கள் முடிந்திருந்தன. ஒவ்வொன்றையும் அவள் படத்தோடு வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். ஐந்தாவதில் ஒரு புள்ளியை விட்டிருந்தார். தெரியாமல்தான் விட்டாரா என்று அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்தப் புள்ளியை வைக்கச் சொன்னாள்.

"இன்னும் எத்தனை?" என்றார்.

"நாப்பத்தாறு. அடுத்ததைத் திறங்க."